விடுமுறையில் பழைய பிக்கப்பில் கை வைக்கப் போகிறீர்களா? முழுமையான வழிகாட்டி

குடும்பத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் பழைய பிக்கப் ஒன்று ஆண்டுக்கணக்காக நிற்கிறது. விடுமுறைக்கு எல்லோரும் அங்கே கூடுகிறார்கள். "இந்தத் தடவை அதைக் கிளப்பிடலாம்" என்று பேச்சு எழுகிறது. பெரும்பாலும் நடப்பது என்ன? முதல் நாள் உற்சாகத்தில் பாதி வண்டியைக் கழற்றுவார்கள். இரண்டாம் நாள் ஒரு போல்ட் முறியும். மூன்றாம் நாள் உதிரிபாகக் கடை பூட்டியிருக்கும். ஊருக்குக் கிளம்பும் நாளில், வந்தபோது தள்ளவாவது முடிந்த வண்டி இப்போது அசையக்கூட முடியாமல் நிற்கும். வீட்டுக்காரருக்கு அடுத்த விடுமுறை வரை அந்த இடம் போச்சு.

இதைத் தவிர்க்க மெக்கானிக் அளவுக்குத் திறமை தேவையில்லை. வேலையின் பெரும்பகுதியைப் பயணத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஸ்பானர் பிடிக்கும் வேலை அதில் கடைசிப் பகுதி.

எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு வருகைக்கு ஒரு வேலை. கூடுதலாக ஒன்றை 'நேரம் இருந்தால்' என்று வைத்துக்கொள்ளலாம். வேலையைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல்: நீங்கள் கிளம்பும்போது வண்டி இப்போதைவிட நல்ல நிலையில், நாலு சக்கரத்திலும் நிற்க வேண்டும். கிளட்ச் மாற்றுவது, என்ஜினை இறக்குவது, கேபினைக் கழற்றித் துரு வெட்டுவது எல்லாம் நாலு நாள் விடுமுறைக்கு ஆகாத வேலைகள். வண்டி உங்கள் வீட்டிலேயே நின்றால் அது வேறு கதை.

எல்லோரும் என்ஜினில்தான் தொடங்க விரும்புவார்கள். சத்தம் கேட்கும், புகை வரும், வீடியோ எடுக்கலாம். நான் பிரேக்கில் தொடங்கச் சொல்வேன். என்ஜின் ஓடி, பிரேக் இல்லாத வண்டியை வீட்டில் யாராவது ஒருவர் 'சும்மா கேட் வரைக்கும்' ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டார். பிரேக் பிடித்து, என்ஜின் ஓடாத வண்டியைத் தள்ளலாம், இழுக்கலாம், டிரெய்லரில் ஏற்றலாம். இரண்டில் எது பயனுள்ளது என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்று, வண்டி யாருடையது என்பதை மறக்க வேண்டாம். அப்பாவுடையதோ மாமாவுடையதோ, அவர் கருத்தைக் கேட்காமல் பாகம் ஆர்டர் போடாதீர்கள். அவருக்கு அது ஓடினால் போதுமா, பழையபடியே இருக்க வேண்டுமா, விற்க வேண்டுமா என்பதைப் பொறுத்து வேலையே மாறும்.

ஒரு மாதம் முன்பு: போனிலேயே வண்டியைப் பார்ப்பது

வண்டி நிற்கும் வீட்டில் இருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது சாவியைப் பற்றி. "அப்பா, சாவி எங்க இருக்குன்னு மட்டும் பாத்து வைங்க" என்று தொடங்குங்கள். ஸ்டியரிங் பூட்டியிருந்து சாவியும் கிடைக்காவிட்டால் வேலையே வேறாகிவிடும்.

அடுத்தது படங்கள். சேசிஸ் எண் தகடு, என்ஜின் பிளாக்கில் வார்த்திருக்கும் எண், கார்புரேட்டரின் மேல் இருக்கும் சிறு தகடு அல்லது அதன் உடலில் குத்தியிருக்கும் எண், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை அமுக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்), நாலு சக்கரங்களின் உள்பக்கம், டயரின் பக்கச் சுவர். 1981-க்குப் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில் சேசிஸ் எண் 17 எழுத்து கொண்டது. அதை வைத்துப் பாகம் தேடுவது எளிது. அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனி முறை வைத்திருந்தார்கள். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் அளவையும் கேட்டு வாங்குங்கள்.

டயரின் வயது படத்திலேயே தெரிந்துவிடும். 2000-க்குப் பிறகு செய்த டயர்களில் நாலு இலக்கம் இருக்கும். 3512 என்றால் 2012-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது அதற்கும் முந்தையது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரில் சாலைக்குப் போகக் கூடாது. வண்டியைக் கொட்டகைக்குள் உருட்ட மட்டும் காற்றடித்துப் பயன்படுத்தலாம்.

அங்கே இருப்பவரால் முடிந்தால் இன்னொரு சிறு உதவி. துரு இளக்கும் எண்ணெயை வீல் நட்டுகள், பிரேக் பைப் நட்டுகள், ஏர் எடுக்கும் நிப்பிள்கள் (பிரேக்கில் சிக்கிய காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகுகள்) மேல் வாரத்துக்கு இரண்டு தடவை அடித்து வைக்கச் சொல்லுங்கள். வேலை செய்யும் காலையில் அடித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருப்பதைவிட மூன்று வாரம் ஊறிய போல்ட் ஆயிரம் மடங்கு மேல். அந்த எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் (சக்கரத்தோடு சுற்றும் உருளை, உள்ளிருந்து ஷூ அதில் அழுத்தும்போதுதான் பிரேக் பிடிக்கும்) மட்டும் போகக் கூடாது.

பாகங்கள்: சந்தேகம் வந்தால் அளந்து பார்

பழைய பிக்கப்புகளில் ஒரே ஆண்டு, ஒரே மாடலில் இரண்டு மூன்று அளவு பிரேக்குகள் வந்திருக்கும். சுமை ஏற்றும் திறன் கூடினால் டிரம்மின் அகலமும் கூடும். விற்பவர் பட்டியலில் 'உங்கள் வண்டிக்குப் பொருந்தும்' என்று போட்டிருப்பது தொடக்கம் மட்டுமே. டிரம்மின் குறுக்களவையும் ஷூவின் அகலத்தையும் ஒருவர் சக்கரத்தைக் கழற்றி அளந்து சொல்ல முடிந்தால் பாதி தலைவலி தீரும். முடியாவிட்டால், திருப்பி அனுப்ப வசதி உள்ள இடத்தில் இரண்டு அளவையும் வாங்கிப் போய், பொருந்தாததைத் திருப்பி விடுவது நியாயமான வழி.

நாலு சக்கரத்திலும் டிரம் உள்ள வண்டியின் பிரேக் வேலைக்கு ஒரே தடவையில் வாங்க வேண்டியவை: நாலு வீல் சிலிண்டர்கள் (ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளுபவை. இடமும் வலமும் வேறாக இருக்கலாம், முன்னும் பின்னும் பெரும்பாலும் வேறு), ரப்பர் ஹோஸ்கள், மாஸ்டர் சிலிண்டர், ஷூக்கள், ஸ்பிரிங் செட். ஹோஸ் பெரும்பாலும் மூன்று இருக்கும். முன்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று, பின் ஆக்ஸிலுக்குப் பொதுவாக ஒன்று. பழைய சிலிண்டரைப் பிரித்து வாஷர் மாற்றுவது காசு மிச்சம்தான், ஆனால் உள்சுவரில் துருக்குழி இருந்தால் புது வாஷரும் ஒழுகும். விடுமுறையில் அந்தச் சோதனை வேண்டாம், முழுசாக மாற்றிவிடுங்கள்.

பெட்டிகள் வந்ததும் திறந்து பாருங்கள். பெட்டி மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் வேறாக இருப்பது இந்தத் தொழிலில் சகஜம். பண்டிகை நாளில் அதைக் கண்டுபிடித்தால் யாரிடம் போய் நிற்பது? பெரிய பாகத்தை நினைவு வைத்து வாங்கிவிட்டுச் சின்னதை மறப்பதும் வழக்கம். ஸ்பிளிட் பின், செம்பு வாஷர், ஹோஸ் கிளிப், பிரேக் ஆயில், கிளீனர், கையுறை ஆகியவற்றைத் தேவைக்கு இரண்டு மடங்கு வாங்குங்கள்.

வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவலையும் இப்போதே தேடி வையுங்கள். இறுக்கும் அளவு, பாயின்ட் (ஸ்பார்க்கைத் தூண்டும் தொடுமுனைகள்) இடைவெளி, ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) எல்லாம் அதில்தான் இருக்கும். கொட்டகைக்குள் நெட் எடுக்காது என்றே வைத்துக்கொண்டு தேவையான பக்கங்களை அச்செடுத்துக்கொள்ளுங்கள். போன் திரையில் கிரீஸ் விரலால் பக்கம் தள்ளுவது பொறுமையைச் சோதிக்கும்.

கருவிகளும் பயணமும்

பழைய வண்டியில் அங்குல ஸ்பானரா, மில்லிமீட்டர் ஸ்பானரா என்பதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். 1970-கள், 80-களின் சில வண்டிகளில் இரண்டும் கலந்திருக்கும். பிரேக் பைப் நட்டுக்குச் சாதாரண வாய் ஸ்பானர் போட்டால் மூலை மழுங்கிவிடும். அதற்கென்று பைப் மேல் நுழைகிற மாதிரி வெட்டு விட்ட ரிங் ஸ்பானர் உண்டு. அது ஒன்றைக் கண்டிப்பாகக் கொண்டுபோங்கள்.

விமானத்தில் போகிறவர்கள் கவனிக்க: கனமான ஸ்பானர்கள் பெட்டியில் போக வேண்டும், கைப்பையில் அல்ல. எரியக்கூடிய ஸ்பிரே கிளீனர், பெயின்ட் எதிலும் வைக்கக் கூடாது. பெட்ரோல் வாடை அடிக்கும் பழைய கார்புரேட்டரையோ பம்ப்பையோ 'அங்கே போய்ச் சரிசெய்கிறேன்' என்று எடுத்துப்போனால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். எரிபொருள் மிச்சம் இருக்கும் பாகம் ஆபத்தான சரக்கு. பாகங்களை நேராக வண்டி நிற்கும் வீட்டு முகவரிக்கே வரவழைப்பது நல்லது, திறந்து பார்த்துப் படம் அனுப்ப அங்கே ஒருவர் இருந்தால்.

நாட்களும் ஆட்களும்

நாலு நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் எதையும் கழற்ற வேண்டாம். வண்டியைச் சுற்றிவந்து, சுத்தம் செய்து, வெளிச்சத்துக்கு ஏற்பாடு செய்து, பாகங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாம் நாள் கழற்றுவதும் மாட்டத் தொடங்குவதும். மூன்றாம் நாள் நண்பகல்தான் எல்லைக்கோடு. அதற்குப் பிறகு புதிதாக எந்த போல்ட்டும் கழற்றக் கூடாது, மாட்டுவது மட்டும். நாலாம் நாள் காலை சோதனை, துப்புரவு. இந்த நண்பகல் விதியை முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் மாலை யாராவது ஒருவர் "ரேடியேட்டரையும் ஒரு கை பாத்துடலாமே" என்பார்.

காலை முதல் மதியம் வரை வண்டிக்கு, அதன் பிறகு குடும்பத்துக்கு என்று பிரித்துக்கொண்டால் சண்டை வராது. உள்ளே சமைப்பதும் குழந்தைகளைப் பார்ப்பதும் ஒருசிலர் தலையில் விழ, மற்றவர்கள் நாள் முழுக்க வண்டிக்கடியில் கிடந்தால் அடுத்த விடுமுறையில் இந்தத் திட்டத்துக்கு யாரும் தலையாட்ட மாட்டார்கள். கிரீஸ் கையைச் சமையல் தொட்டியில் கழுவாமலிருப்பதும் இதில் சேரும். வாசலில் ஒரு வாளி, கை கழுவும் பசை, பழைய துணி வைத்துவிடுங்கள்.

முட்டி வலிக்கிற பெரியவருக்கு நல்ல நாற்காலி ஒன்று, வண்டிக்குப் பக்கத்திலேயே. எந்தப் பாகத்தை எப்போது மாற்றினோம், எந்த போல்ட் ஏற்கெனவே மரை போனது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பிள்ளைகளுக்குக் கழற்றிய போல்ட்டுகளைப் பையில் போட்டுப் பெயர் எழுதுவது, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுப்பது, கண்ணாடி அணிந்து கம்பி பிரஷ்ஷால் துரு தேய்ப்பது போன்ற வேலைகள் சரியாக இருக்கும். தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் மட்டும் அவர்கள் போகக் கூடாது. பழைய கூலன்ட் (ரேடியேட்டரில் என்ஜினைக் குளிர்விக்க ஊற்றுவது) இனிக்கும், ஆனால் விஷம். திறந்த பாத்திரத்தில் விட்டால் நாயும் பூனையும் நக்கும்.

தூக்கி நிறுத்துவது

ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. தாங்குவது ஸ்டாண்டு. சிமெண்ட் கட்டியோ செங்கலோ ஸ்டாண்டு ஆகாது. பாரம் ஏறினால் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள்.

பலர் மறப்பது இது: பெரும்பாலான பிக்கப்புகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். கியர் போட்டு நிறுத்தினாலும் பிடிப்பது பின்சக்கரம்தான். பின்பக்கத்தைத் தூக்கியதும் இரண்டும் பயனற்றுப் போகும், வண்டி முன்சக்கரத்தில் உருளத் தொடங்கும். அதனால் தூக்குவதற்கு முன்பே முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள்.

வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருக்கும், ஸ்டட் முனையில் 'எல்' என்று குத்தியிருக்கும். வழக்கமான திசையில் பலம் கொடுத்தால் இறுகும், பிறகு முறியும்.

பிரேக்

டிரம் வராது. அதுதான் முதல் தடை. உள்ளே தேய்ந்து விளிம்பு கட்டியிருக்கும், ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். பின் தகட்டில் ரப்பர் அடைப்பு போட்ட ஒரு நீளத்துளை இருக்கும். அதன் வழியாக அட்ஜஸ்டர் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றி ஷூவை உள்ளிழுத்த பிறகு டிரம்மைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். விளிம்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், காற்றடித்தும் சுத்தம் செய்யாதீர்கள். பழைய லைனிங்குகளில் (ஷூவின் மேல் உராயும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். தண்ணீரோ கிளீனரோ விட்டு நனைத்து, முகக்கவசத்துடன் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும் பிரியுங்கள். அதே ஆக்ஸிலின் மறுபக்கம் அப்படியே இருக்கட்டும். ஸ்பிரிங் எது எந்தத் துளையில் என்று குழம்பும்போது போய்ப் பார்க்க அதைவிட நல்ல படம் இல்லை (கண்ணாடி பிம்பம்போல் மாறியிருக்கும் என்பது நினைவிருக்கட்டும்). பல டிரம் பிரேக்குகளில் லைனிங் குட்டையாக உள்ள ஷூ வண்டியின் முன்பக்கம் நோக்கியும் நீளமானது பின்பக்கமும் இருக்கும். மாற்றிப் போட்டாலும் மாட்டிவிடலாம், அதுதான் சிக்கல். பிறகு பிரேக் சரியாகப் பிடிக்காது, காரணம் தெரியாமல் அலைவீர்கள்.

வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைச் சற்று விலக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஒழுகுகிறது. ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்தபடியே இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல். இரும்புப் பைப்புகளை விரலால் தடவி, மண் ஒட்டியிருக்கும் இடங்களில் குறிப்பாகப் பாருங்கள். மண்ணுக்கடியில்தான் துரு தின்றிருக்கும்.

மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டதா என்று கவனியுங்கள். 1960-களின் நடுப்பகுதி வரை பல வண்டிகளில் அப்படித்தான். எங்கே ஒழுகினாலும் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அமெரிக்க வண்டிகளில் 1967, 68 வாக்கில்தான் இரட்டை அறை பொதுவானது. ஒற்றை அறை வண்டியில் ஒரு பைப்பையும் 'இது தாங்கும்' என்று விட்டுவைக்காதீர்கள்.

ஏர் எடுப்பது இரண்டு ஆள் வேலை, பேச்சு தெளிவாக இருக்க வேண்டும். மேலே இருப்பவர் பெடலை மெதுவாக அமுக்கி "பிடிச்சாச்சு" என்பார். கீழே இருப்பவர் நிப்பிளைத் திறப்பார், குமிழியோடு ஆயில் வெளிவரும், மூடுவார், "விடு" என்பார். மூடும் முன் பெடலை விட்டால் காற்று உள்ளே திரும்பும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் முடிப்பது பொதுவான வரிசை. உங்கள் மேனுவல் வேறு சொன்னால் அதையே கேளுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்திருந்தால் பெடலுக்கு அடியில் மரக்கட்டை ஒன்று வைத்து முழுதாக அமுங்காமல் தடுங்கள். வழக்கமாகப் போகாத தூரத்தில் உள்ள துரு, உள்ளே இருக்கும் ரப்பர் சீலைக் கிழித்துவிடும்.

டாட் 3, டாட் 4 என்னும் பிரேக் ஆயில் வகைகள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அதற்கான குறைந்தபட்ச அளவே 140. போன விடுமுறையில் திறந்து வைத்த டின்னைப் பயன்படுத்தாதீர்கள். சிலிகான் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவும் கூடாது. டாட் 3, டாட் 4 ஆயில் வண்டியின் பெயின்ட்டைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

நேரம் இருந்தால்: என்ஜின்

பிரேக் முடிந்து எல்லைக்கோட்டுக்கு முன் நேரம் இருந்தால் மட்டும். சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நனைத்து, கவசத்தோடு எடுங்கள். என்ஜின் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்து உள்ளே இறங்கியிருக்கலாம். இரண்டிலும் அன்றைய வேலை அங்கேயே நிற்க வேண்டும்.

பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு எண்ணெய் விட்டு, முடிந்தால் ஒரு இரவு ஊறவிட்டு, கிராங்க் புல்லி (என்ஜின் முன்னால் பெல்ட் ஓடும் சக்கரம்) போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றுங்கள். நெம்புகோல் மாட்டி மல்லுக்கட்ட வேண்டாம். சுற்றவில்லையா, மறுபடி எண்ணெய் விட்டு அடுத்த வருகைக்குத் தள்ளுங்கள். சுற்றினால், பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் முள் ஏறுகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாமலும் இக்னிஷனைத் துண்டித்தும் இதைச் செய்ய வேண்டும்.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12-க்குக் கீழே போனால் காலி. பாயின்ட் வைத்த வண்டியில் பாயின்ட் முகங்களில் படிந்த மங்கலைத் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்தாலே பாதி வண்டிகளுக்கு ஸ்பார்க் வந்துவிடும். டேங்கில் உள்ள பழைய பெட்ரோலைத் தொடவே வேண்டாம். சில மாதங்களிலேயே கெட்டு வார்னிஷ்போல் நாறும். லைனைத் துண்டித்து, சிறு கேனில் புதுப் பெட்ரோல் வைத்து ஹோஸ் மூலம் பம்ப்புக்குக் கொடுங்கள். தீயணைப்பான் ஒருவர் கையில், கொட்டகைக் கதவு முழுக்கத் திறந்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. ஓடத் தொடங்கிச் சில நொடிகளில் ஆயில் பிரஷர் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம்.

கடைசி நாள்

வண்டியை இறக்கி, வீல் நட்டுகளை மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) குறுக்குமறுக்காக இறுக்குங்கள். நிற்கும் வண்டியில் பெடலை முப்பது நொடி அழுத்திப் பிடித்திருங்கள். மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இறங்காவிட்டால் சமதளத்தில் நடக்கும் வேகத்தில் உருட்டி நிறுத்திப் பாருங்கள், பலமுறை. பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கமும் ஈரமா என்று விளக்கடித்துப் பாருங்கள். பதிவும் காப்பீடும் செல்லுபடியாகாமல், டயர் மாற்றாமல் சாலைக்கு எடுக்க வேண்டாம், யார் கெஞ்சினாலும்.

கழற்றிய பழைய ஷூவையும் சிலிண்டரையும் உடனே எறியாமல் பெட்டியில் வையுங்கள். அடுத்த ஆர்டருக்கு அளவு பார்க்க உதவும். பழைய ஆயிலையும் கூலன்ட்டையும் தனித்தனிக் கேன்களில் அடைத்து, கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். டயருக்குக் காற்றடித்து, ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். பிடித்த ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டால் மறுபடி முதலிலிருந்துதான். ஸ்டியரிங்கில் ஒரு தாள் கட்டுங்கள்: என்ன மாற்றினோம், எந்த ஆயில் ஊற்றினோம், எந்த போல்ட் இன்னும் மாட்டவில்லை, சாவி எங்கே, வாரம் ஒருமுறை பிரேக் ஆயில் மட்டம் பார்த்துப் படம் அனுப்ப வேண்டியது யார்.